மனநலச் சட்டம் தாராவித் தமிழர்களுக்கு எட்டுமா?

புது தில்லி: நோய் தணிந்து வீடு திரும்பத் தகுதி பெற்ற மனநோயாளிகளைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றும் நடைமுறையை உடனடியாகக் கைவிடுமாறு 2021 ஜூலையில் மகாராஷ்டிர அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி இடம் மாற்றுவது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்பது நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வின் கருத்து.

அடுத்த ஆண்டே இதன் மறுபக்கம் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிகிச்சை முடிந்து வெளியேறத் தகுதி பெற்ற பின்னரும் பல ஆண்டுகளாகத் தாணே மனநல மருத்துவமனையிலேயே இருக்க நேர்ந்த ஒரு பெண்ணின் நிலையை முன்வைத்து, மனநல மருத்துவர் ஹரீஷ் ஷெட்டி பொதுநல மனு தாக்கல் செய்தார். தாணே, எரவாடா, நாகபுரி, ரத்னகிரி ஆகிய நான்கு அரசு மனநல மருத்துவமனைகளிலும் இதே போல் நீண்ட காலம் தங்கிவிட்டவர்களின் கணக்கை நீதிமன்றம் கேட்டது. சட்டப்படி அமைக்கப்பட்ட மாநில மனநல ஆணையம் முறையாகக் கூடாமல் இருந்ததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இரு வழக்குகளும் எழுப்பும் கேள்வி ஒன்றே. மருத்துவமனையின் கதவைத் திறந்துவிட நீதிமன்றத்தால் முடியும். திறந்த கதவு வழியே வெளியே வருபவர் எங்கே போவார்? அவரை ஏற்றுக்கொள்ள ஒரு வீடும், பொறுத்துக்கொள்ள ஒரு தெருவும், மருந்தை நினைவூட்ட ஒரு துணையும் இல்லையென்றால் தீர்ப்பு தாளோடு நின்றுவிடும். பிழைப்புத் தேடிப் பல தலைமுறைகளாக மும்பையில் குடியேறியுள்ள தமிழர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் கனமுடையது.

ஏர்வாடி தந்த பாடம்

மனநலச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது தமிழர்கள் மறக்க முடியாத நாள், 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ஏட்டளவில் நின்றிருந்ததை நாடு அன்று கண்டது.

அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்ததே மனநலப் பராமரிப்புச் சட்டம். பழைய சட்டம் காப்பகங்களை ஒழுங்குபடுத்துவதில் கவனம் செலுத்தியது. புதிய சட்டம் நோயாளியின் உரிமைகளை முன்வைக்கிறது. சங்கிலியிடுவதை அது அடியோடு தடை செய்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், இலவச சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே தங்க வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று அதன் 19-ஆவது பிரிவு கூறுகிறது. கைவிடப்பட்டவர் தமது குடும்ப வீட்டில் வாழும் உரிமையை நிலைநாட்டச் சட்ட உதவி உள்ளிட்ட ஆதரவை அரசு வழங்க வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இல்லங்களையும், சிலர் சேர்ந்து வாழும் குழு இல்லங்களையும் அரசே ஏற்படுத்த வேண்டும்.

இவ்வளவு எழுதியும், சமூகம் என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்கும் வழி சட்டத்தில் இல்லை. அது அக்கம்பக்கத்தில்தான் உருவாக வேண்டும்.

பத்துக்குப் பத்து அறையில்

தாராவியில் தமிழர்களின் வேர் ஆழமானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலாளர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913-இல் கட்டப்பட்ட விநாயகர் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் சாட்சிகள். இன்று இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் பேர் வாழ்கின்றனர்.

ஓர் அறையே வீடாகவும், பல நேரங்களில் பட்டறையாகவும் உள்ள இடத்தில் மனநோயின் சுமை வேறு விதமாக விழுகிறது. மனச்சிதைவுக்கு ஆளான மகன் இரவெல்லாம் உறங்காவிட்டால் வீட்டில் எவரும் உறங்க முடியாது. அடுத்த வீட்டுக்கும் அது கேட்கும். அவனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட்டால் அன்றாடக் கூலி நிற்கும். தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை எனப்படும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. அங்கு மனநலப் பிரிவும் உண்டு. ஆனால், தூரம் குறைவாக இருந்தால் மட்டும் சிகிச்சை தொடர்ந்துவிடுவதில்லை. மாதந்தோறும் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். சற்றுத் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடும் வழக்கம் நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது.

இங்கே மொழியும் ஒரு தடை. மனநலச் சிகிச்சையில் ரத்தப் பரிசோதனையைக் காட்டிலும் பேச்சே முதன்மையான கருவி. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மும்பை இந்தியும் பேசும் தாய், மகனின் காதில் கேட்கும் குரல்களைப் பற்றி இந்தியில் விளக்கத் தடுமாறுவார். "மனசு பாரமாக இருக்கிறது", "நெஞ்சு அடைக்கிறது" என்ற தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்ப்பில் நெஞ்சுவலியாக மாறிவிடும். நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்வதன் பொருள் இதுதான்.

மாட்டுங்கா, செம்பூரில் வேறு சுவர்

ரயில் பாதைக்கு அப்பால் உள்ள மாட்டுங்காவிலும், கிழக்கே செம்பூரிலும் வறுமை அந்த அளவுக்கு இல்லை. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் தோன்றிய இடம் மாட்டுங்கா. அலுவலகப் பணிக்கு வந்த நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் சபைகளையும் கோயில்களையும் பள்ளிகளையும் கட்டி எழுப்பின. செம்பூர் சேடா நகரின் முருகன் கோயில் மும்பைத் தமிழர் அனைவரும் அறிந்தது.

அங்கே தடையாக நிற்பது மௌனம். தங்கையின் திருமணம் தடைபடும் என்று அண்ணனின் நோய் மறைக்கப்படுகிறது. இளைஞர் உள்ளறையில் முதியவராகிறார். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, எழுபதைக் கடந்த பெற்றோர் ஐம்பதை நெருங்கும் மகனையோ மகளையோ பராமரிக்கின்றனர். "எங்களுக்குப் பிறகு யார்?" என்பதே நாடெங்கும் பராமரிப்பாளர்களின் தலையாய கவலை. பணமிருந்தும் விடை கிடைக்காத கேள்வி அது. தாராவியின் ஏழைக்கும் மாட்டுங்காவின் நடுத்தர வர்க்கத்துக்கும் இடையே வேறு எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் இந்தக் கவலையில் உண்டு.

முன்னோடிகள் அருகிலேயே

வழி காட்டத் தமிழர்களுக்கு வெளிநாடு தேவையில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நோயாளிகளின் குடும்பத்தினரே ஒன்றுசேர்ந்த ஆஷா அமைப்பு 1989-இல் அவரது ஊக்கத்தில் உருவானது. வீட்டுக்குள் அழுத குடும்பங்கள் ஒரே அறையில் கூடிப் பேசியபோது, தனி மனிதத் துயரம் பொதுக் கோரிக்கையாக மாறியது.

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இரு இளம் பெண்கள் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் திரிந்த பெண்களை மீட்டது. திரும்பிச் செல்ல வீடில்லாத பெண்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் ஏற்பாட்டையும் பின்னர் செய்தது. சட்டம் கூறும் குழு இல்லத்துக்கு அதுவே நடைமுறை உதாரணம். தமிழகத்தைக் கடந்து கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களிலும் அந்த அமைப்பு பணியாற்றுகிறது.

மகாராஷ்டிரத்திலும் முன்னோடிகள் உண்டு. பார்கவி தாவர் நிறுவிய பாப்பு அறக்கட்டளை, புணேயின் குடிசைப் பகுதிகளில் களப்பணியாளர்கள் வழியே வீடுவீடாக ஆதரவு அளித்தது. நாசிக் மாவட்டக் கிராமங்களில் 'ஆத்மீயதா' திட்டம், உள்ளூர்த் தன்னார்வலர்களையே பயிற்றுவித்து, மனச்சோர்வில் உள்ளவர்களுக்குத் துணை நிற்கச் செய்தது. மும்பையில் மருத்துவர் பரத் வாட்வானியும் அவரது மனைவி ஸ்மிதாவும் தொடங்கிய சிரத்தா அமைப்பு, தெருவில் திரிந்த ஆயிரக்கணக்கானோரைக் கர்ஜத் இல்லத்தில் குணப்படுத்தி, ஊர் கண்டுபிடித்துக் குடும்பத்துடன் சேர்த்தது. அதற்காக வாட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. பெயரும் ஊரும் சொல்ல இயலாதவரின் மொழியை அடையாளம் காண்பதே அந்தப் பணியின் முதல் படி என்பது கவனிக்கத்தக்கது.

இந்த முயற்சிகளின் பொதுப் பாடம் எளிது. நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. மருத்துவர்களை மட்டும் நம்பினால் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் மருத்துவரின் வேலை. மருந்து தொடர்வதை உறுதி செய்வது, சான்றிதழுக்கு அலைவது, வேலை தேடித் தருவது, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரால் செய்ய முடியும்.

சங்கங்களால் முடியும்

இதற்குத் தேவையான அமைப்பு பலம் மும்பைத் தமிழர்களிடம் ஏற்கெனவே உள்ளது. தமிழ்ச் சங்கம், சாதி மற்றும் ஊர்ச் சங்கங்கள், கோயில் குழுக்கள், பள்ளிவாசல் ஜமாத்துகள், தேவாலயங்கள், அரசியல் கட்சிகளின் கிளைகள் எனப் பட்டியல் நீளும். பொங்கல் விழாவுக்கும் தேர்தலுக்கும் திரளும் இந்த அமைப்புகள், மாதம் ஒரு ஞாயிறு குடும்பங்கள் கூடிப் பேச ஒரு கூடத்தைத் தமிழில் திறந்து வைத்தால் அதுவே தொடக்கமாகும்.

நம்பிக்கையை இழிவுபடுத்தாமலும் இதைச் செய்யலாம். ஏர்வாடிக்கும் குணசீலத்துக்கும் இன்றும் குடும்பங்கள் செல்கின்றன. அதே தலங்களில் வழிபாட்டுடன் மருத்துவமும் கிடைக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்துள்ளது. கோயில் வாசலில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும் என்றால் மருத்துவமனை வாசலில் தயங்குபவரும் வருவார்.

உரிமை கோரும் பணியும் காத்திருக்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான மனநல சீராய்வு வாரியத்தில் ஆறு உறுப்பினர்கள். அவற்றில் இரண்டு இடங்கள் நோயால் பாதிக்கப்பட்டோர், பராமரிப்பாளர்கள் அல்லது அவர்களது அமைப்புகளுக்கு உரியவை. அமைப்பாகத் திரளாத குடும்பங்கள் அந்த நாற்காலிகளை எப்படிக் கேட்கும்? மனநோயை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக 2016-ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றுள்ளது. அதன் பயன்களைப் பெறத் தேவையான சான்றிதழை வாங்குவதற்கும் துணை வேண்டும்.

அரசுகளின் பொறுப்பு

சமூகத்தின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அரசுகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெருநகரங்களில் மனநலப் பாதிப்பு கிராமங்களைவிட அதிகம் என்று கண்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 15 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றும் மதிப்பிட்டது. அந்தக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது, மகாராஷ்டிரம் இல்லை. நாட்டின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றான மும்பை அந்தக் கணக்கில் வராமலே போயிற்று.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால், தொலைபேசி முதல் படியே. குரலுக்குப் பின் ஒரு முகமும், முகத்துக்குப் பின் ஒரு மருந்தகமும் வேண்டும்.

இன்னொரு சோதனையும் எதிரே நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே வீடு பெறுவதற்குக் குடியிருப்பு ஆவணங்களே அளவுகோல். அந்தத் தகுதி இல்லாதவர்களுக்குத் தாராவிக்கு வெளியே இடம் தரப்படும். ஆவணங்களைப் பாதுகாத்து வைக்க முடியாத மனநோயாளிக்கும், அவரைக் கவனிப்பதிலேயே காலம் கழிந்த குடும்பத்துக்கும் இது எளிதான தேர்வல்ல. இடம் மாறினால் சயான் மருத்துவமனையும், "உன் மகன் இங்கே இருக்கிறான், வந்து கூட்டிப் போ" என்று சொல்லும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே தொலைவாகிவிடுவர். கணக்கெடுப்பாளர்கள் இத்தகைய குடும்பங்களைத் தனியே அடையாளம் காண வேண்டும் என்று கோர வேண்டியது அரசியல் கட்சிகளின் கடமை.

மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்கு உயர்த்த அரசுகளுக்குச் சட்டம் தந்த அவகாசம் 10 ஆண்டுகள். அது 2028 மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் மும்பையின் வார்டுகளில் தமிழ் பேசும் ஆலோசகர்களும், தாணேயிலிருந்து திரும்புவோருக்குச் சில குழு இல்லங்களும், பராமரிப்பாளர்கள் கூட ஒரு கூடமும் ஏற்பட்டால் 19-ஆவது பிரிவுக்குப் பொருள் கிடைக்கும். ஏர்வாடியில் சங்கிலி இரும்பால் ஆனது. அதைச் சட்டம் அறுத்துவிட்டது. மும்பையில் எஞ்சியிருக்கும் பூட்டிய உள்ளறைகளையும் திரும்ப வழியில்லாத மருத்துவமனைப் படுக்கைகளையும் சட்டத்தால் மட்டும் காலி செய்துவிட முடியாது.