உண்டியலைக் கொட்டு... இன்டக்ரேஷன் கத்துக்கோ!

எம்-3 பேப்பர்ல ஃபார்முலாவை உருப்போட்டு பாஸ் பண்ணிட்டு, 'இன்டக்ரேஷனா? தண்ணிபட்ட பாடு'ன்னு காலரைத் தூக்கிவிட்டுத் திரிஞ்ச ஜீவன் நான். அந்தக் காலரை இறக்கிவிட்டது, பக்கத்து பிளாக் எம்.எஸ்சி. மேத்ஸ் கிளாஸ். பேப்பர் பெயர், மெஷர் தியரி. அனுமதி கேட்டப்ப, "தாராளமா உட்காருப்பா, பாதியில ஓடிடாதே" என்றார் புரொபசர்.

முதல் நாளே கேள்வி. 0-வுக்கும் 1-க்கும் நடுவில் உள்ள எண்களில், பின்னமாக எழுத முடிந்தால் மதிப்பு 1, முடியாவிட்டால் 0. இதன் இன்டக்ரல் என்ன? 1829-ல் டிரிக்லே என்பவர் கொடுத்த ஃபங்ஷன் இது. கிராஃப் போடப் பார்த்தேன், பேனா நகரவே இல்லை. எவ்வளவு சின்னத் துண்டாக நறுக்கினாலும் அதுக்குள்ள ரெண்டு வகை எண்ணும் இருக்கும். மேலே இருந்து கூட்டினா விடை 1, கீழே இருந்து கூட்டினா 0. நாம படிச்ச ரீமான் முறை அங்கேயே அவுட்!

இங்கேதான் ஹீரோ என்ட்ரி. 1902-ல் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் வேற வழி சொன்னார், பிரான்ஸ் நாட்டு ஹென்றி லெபேக். கோயில் உண்டியலைக் கொட்டி எண்ணுறதைப் பார்த்திருக்கீங்களா? கைக்கு வர்ற காசை வந்த வரிசையிலேயே கூட்டினா, அது ரீமான். ஒரு ரூபாய் தனி, ரெண்டு ரூபாய் தனி, அஞ்சு தனின்னு பிரிச்சு, ஒவ்வொரு குவியலிலும் எத்தனைன்னு எண்ணிப் பெருக்கினா, அது லெபேக்!

அப்போ டிரிக்லே கணக்கில் ரெண்டே குவியல். மதிப்பு 1 வர்ற பின்னங்கள் எவ்வளவு நீளத்தை அடைச்சிருக்கு? இந்த 'எவ்வளவு'தான் மெஷர். பின்னங்களை முதலாவது, ரெண்டாவதுன்னு வரிசைப்படுத்திடலாம். 1 செ.மீ. நூலை எடுங்க. பாதியை முதல் பின்னத்தின் மேல் வைங்க, மீதியில் பாதியை அடுத்ததுக்கு... இப்படியே போனா எல்லாப் பின்னத்தையும் மூடிடலாம், மொத்தம் 1 செ.மீ.யைத் தாண்டாது. நூல் 1 மி.மீ. ஆனாலும் இதே கதைதான். ஆக, அதன் நீளம் ஜீரோ. இன்டக்ரலும் ஜீரோ. முடிவில்லாத எண்ணிக்கை, ஆனா நீளம் பூஜ்யம்! அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுல சாப்பாடு இறங்கலை பாஸ்.

'இதெல்லாம் எதுக்கு?'ன்னு கேட்கிறீங்களா? நம்ம புராபபிலிட்டி பேப்பரே இதன் மேலதான் நிக்குது. 1933-ல் ரஷ்யாவின் கோல்மோகரோவ், நிகழ்தகவுன்னா மொத்த அளவு 1 ஆக இருக்கிற ஒரு மெஷர்னு அடித்தளம் போட்டார். சென்னைப் பையன் ஒருத்தர், மாநிலக் கல்லூரியில் படிச்சுட்டு கொல்கத்தா போய்ச் செய்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பையன்தான் எஸ்.ஆர்.எஸ். வரதன். நிகழ்தகவில் செய்த சாதனைக்காக 2007-ல் ஏபெல் பரிசு வாங்கினார்!

பில்டப் போதும், உண்மையையும் சொல்லிடறேன். மூணாவது வாரம் எதுவும் புரியாம ஓடப் பார்த்தேன். முதல் டெஸ்ட்டில் என் மார்க், மெஷர் ஜீரோ. பக்கத்து சீட் அக்காதான், "பத்துப் பக்கம் படிக்காதே, ஒரு நிரூபணத்தைப் புக்கை மூடிட்டு எழுதிப் பாரு" என்றார். நாலு நாள் ஆச்சு, ஒரே ஒரு தேற்றம். ஆனா அது என்னுடையது. மூணு வருஷ இன்ஜினீயரிங்கில் அப்படி எதையுமே நான் சொன்னதில்லை.

மேத்ஸ் ஆசையை மனசுல பூட்டிவெச்சு, வீட்டுக்காக பி.இ. சேர்ந்த கட்சியா நீங்க? கதவு மூடலை. சிறுசேரியில் இருக்கிற சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் எம்.எஸ்சி. மேத்ஸுக்கு பி.இ. முடிச்சவங்களும் நுழைவுத்தேர்வு எழுதலாம். அதுக்கு முன்னாடி உங்க காலேஜ் மேத்ஸ் டிபார்ட்மென்ட் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்க.

நான் எழுதப் போறேனா? ஆமா. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. இந்தப் பக்கத்தைத்தான் அவர் முதல்ல புரட்டுவார்... அடுத்த வாரம் உயிரோட இருந்தா சந்திப்போம்!