பிள்ளைகளுக்குப் பொய் எழுதப் பழக்காதீர்கள்

செய்யாததைச் செய்ததாக எழுதும்படி ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நமது ஆரம்ப வகுப்புகளில் வேரூன்றிவிட்டது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

"வார இறுதியில் நான் செய்தவை" என்று கரும்பலகையில் தலைப்பு விழுகிறது. அதன் கீழேயே பத்து வசனங்களும் எழுதப்படுகின்றன. வகுப்பு முழுவதும் அதைப் பார்த்துக் கொப்பியில் இறக்குகிறது. எல்லாப் பிள்ளைகளும் குடும்பத்தோடு தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறார்கள். எல்லாரும் யானையைப் பார்க்கிறார்கள். எல்லாரும் மிகவும் மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறார்கள். அந்தப் பக்கம் கால் வைத்திராத பிள்ளையின் கொப்பியிலும் சிவப்பு மையில் "மிக நன்று" விழுகிறது. இதைவிடக் கேவலமான பாராட்டு வேறில்லை.

மாத்தளை அலுவிகாரைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சனி, ஞாயிறில் எழுத ஒன்றுமே இல்லையா? வெயிலில் பரப்பிய மிளகை மழை இருட்டும்போது ஓடிப்போய் அள்ளியவள் அவள். கராம்பு மொட்டைக் காம்பிலிருந்து கிள்ளிக் கிள்ளி, இரவு சோறு பிசையும்போதும் விரலில் அந்த மணம் போகாதிருந்ததை அறிந்தவள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை லயத்து வாசலில் தம்பியைத் தூக்கிவைத்திருந்தவள். மாசி மகக் காலமானால் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனியைச் சனத்துக்குள் நெருக்குப்பட்டுப் பார்த்தவள். இத்தனையும் இருக்க, "சுற்றுலா எங்கே போனாய்?" என்று கேட்பது, போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை வகுப்பின் நடுவே கூனிக் குறுக வைப்பதாகும். அவள் வாழ்வு எழுதத் தகுதியற்றது என்று அரிச்சுவடியோடு சேர்த்துக் கற்பிக்கிறோம்.

இந்தக் கொடுமை நடப்பது எந்த மண்ணில்? கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பஞ்சத்தாலும் போராலும் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, அதுவரை மனனமாகவே காக்கப்பட்ட பௌத்தத் திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் எழுதிவைத்த இடமாகப் போற்றப்படுவது அலுவிகாரை. வாயில் இருந்ததுதான் ஏட்டுக்கு வந்தது. விகாரையில் இன்றும் ஏடு எழுதும் முறையைக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறிய கோடு முதலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தேய்த்துத் துடைத்த பிறகே எழுத்துகள் துலங்கும். ஆசிரியரின் வேலையும் அந்த மையின் வேலைதான். பிள்ளை கீறியதைத் துலங்கச் செய்ய வேண்டும். தானே கீறக் கூடாது.

"பாடத்திட்டம் விடுவதில்லை" என்பது சாக்கு. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் வைத்தே கற்பிக்கச் சொன்னது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. வீட்டு முற்றத்தில் காயும் மிளகு அந்தச் சுற்றாடலில் சேராதா? பிரான்சில் செலஸ்தீன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துப்போய், அவர்கள் கண்டதை அவர்களையே எழுதவைத்து, வகுப்பிலேயே சிறிய அச்சுக்கருவியில் அச்சிடவைத்தார். நூறாண்டுக்குப் பின்னும் நாம் கரும்பலகையைப் பார்த்து எழுதவைக்கிறோம்.

புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டும் பெற்றோரும் தப்ப முடியாது. சனியும் ஞாயிறும் ரியூசன் வகுப்புகளுக்குப் பிள்ளையை அடைத்து அனுப்பிவிட்டு, ஞாயிறு இரவு அந்தக் கட்டுரையையும் தாங்களே எழுதிக்கொடுக்கிறார்கள். விளையாட நேரமில்லாத பிள்ளை விளையாடியதாக எழுதுகிறது.

திருத்த வேண்டியவை தெளிவானவை. மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதவைப்பதை உடனே நிறுத்துங்கள். எழுதுமுன் பிள்ளையைப் பேச விடுங்கள்: யாரோடு இருந்தாய், கை என்ன செய்தது, எது கஷ்டமாக இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். தயங்கும் பிள்ளை முதலில் படம் வரையட்டும். பிறகு படத்தின் கீழ் இரண்டு வசனம் எழுதட்டும். வீட்டுப் பேச்சு கொப்பிக்கு வந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுவதும் சிவப்பானால் அடுத்த வாரம் பிள்ளை எழுதாது. வீட்டுத் துயரை எழுதிய கொப்பியைப் பிள்ளையின் சம்மதமின்றி வகுப்பில் வாசிக்காதீர்கள். வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகர்கள் கொப்பிகளைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரே கட்டுரை எல்லாக் கொப்பியிலும் இருந்தால் விளக்கம் கேட்கட்டும். பெற்றோர் பேனாவைக் கீழே வைக்கட்டும். வாரத்தில் ஒரு நாளையாவது பிள்ளைக்கே விடட்டும்.

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். புதிய கட்டடம் வேண்டாம். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருப்பதும் கடமை தவறுவதே. வரும் திங்கட்கிழமை கரும்பலகையில் தலைப்பு மட்டும் இருக்கட்டும்.