காரீயமும் மின்வில்லும்

போகலவிலும் கஹட்டகஹவிலும் அகழப்பெறும் நம் நாட்டுக் காரீயம் உலகில் முதற்றரமானது. உயர்ந்த வகையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் காபன். எனினும் பெரும்பாலும் கல்லாயும் பொடியாயுமே அது கப்பலேறுகின்றது.

காரீயக் கோல்கள் இரண்டின் இடையே மின்வில் எரிய, கதோட்டிற் படிந்த கரியில், 1991 இல் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா நனோக் குழாய்களைக் கண்டார். மயிரிழையினும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணியவை அவை. அம்முறைக்கு வாயுவகற்றிய கலமும் சடத்துவ வாயுவும் வேண்டும். 2000 இல் திரவ நைதரசனிலும், 2001 இல் வெறும் நீரிலும் மின்வில்லை எரித்து வழியை எளிதாக்கினர். நீரில் ஏறத்தாழ 30 அம்பியரும் 17 உவோற்றுமே போதியனவாயின. நம்மூர் வெல்டிங் பட்டறையார் இதனினும் மிகுதியாகவே மின்னைக் கையாள்வர். நீர்மேல் மிதந்த துகள்கள் தோலுக்குள் தோலாய் அமைந்தமையால் ‘காபன் வெங்காயம்’ எனப்பட்டன. தமிழாசிரியராகிய நமக்கு அப்பெயர் பெரிதும் உவப்பு!

ஆக்குதல் எளிது, பிரித்துத் தூய்மை செய்தலே அரிது. இலத்திரன் நுணுக்குக்காட்டியின்றி விளைந்தது யாதென்றும் அறியவொண்ணாது. அதற்குப் பயின்ற கைகள் வேண்டும். 2008 இல் தோன்றிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் நம் காரீயத்திலிருந்து கிரபீன் ஆக்கும் வழிகளை ஆராய்ந்துள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் தமிழிலேயே விஞ்ஞானம் பயிலும் கல்முனைக் கரையிலிருந்து அங்கு எத்துணைப் பேர் செல்வர்? மின்வாயைப் படத்தில் மாத்திரம் கண்ட மாணவர் நம்மிடையே பலர்.

விழாக்காலத்தில் தோரணவாயில் எழுப்புதல் பழைய மாணவர்க்கு வழக்கம். வாயிலை நாம் வெறுத்திலம். ஆயினும் நிதியின் முதற்கூறு ஆய்வுகூடத்துக்கே உரியது. நேரோட்ட மின்வழங்கி ஒன்று, காரீயக் கோல்கள், கண்காப்பு, அருகிருந்து பயிற்றுவார் ஒருவர்: இவை வாயிற்றூண் ஒன்றன் செலவில் அடங்குமென்பது நம் கணிப்பு.