யார் கொடுத்த அதிகாரம்?

1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 12 என வகுத்தது. ஐரோப்பியர், பறங்கியர் மகளுக்கு மட்டும் 14! பொதுச் சட்டத்தில் அவ்வயது 18 ஆனதும், உடலுறவுக்கு இசையும் வயது 12இலிருந்து 16 ஆனதும் 1995இலேதான்.

சட்டம் திருந்திற்று, நம்மவர் திருந்தினரா? பதினைந்து வயதுப் பிள்ளை கருவுற்றால் பள்ளியினின்று மறிக்கின்றனர். கெடுத்தவனையே மாப்பிள்ளையாக்கி, மானங்காத்தோமென்று பெரியோர் வீடு செல்கின்றனர். பதினாறுக்குட்பட்டவளின் இசைவு சட்டத்தின்முன் இசைவன்று; அது பாலியல் வல்லுறவுக் குற்றம். அதனைத் திண்ணையிற் பேசித் தீர்க்க இவர்களுக்கு அதிகாரமளித்தவர் யார்?

போர்க்காலத்திற் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி வன்னியிற் சிறுமியர்க்குத் தாலி கட்டுவித்தனர். போர் 2009இல் முடிந்தது. இன்று எதற்கு அஞ்சுகின்றனர்?

நாற்றின் வயதறிந்து நடும் கமக்காரர் மகளின் வயதறியாரா? முற்றாத உடலுக்குக் குருதிச்சோகையும் வலிப்பும் குறைமாதப் பேறும் காத்திருக்கின்றன. சாமத்தியச் சடங்குக்குப் பந்தலிட்டு ஊரை அழைப்போர், பூப்பின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லமட்டும் நாணுகின்றனர்!

குடும்பநல உத்தியோகத்தர் பள்ளிக்கு வந்து உடலைப்பற்றிப் பேசட்டும். கருவுற்ற மாணவி பேற்றின்பின் வகுப்புக்குத் திரும்பட்டும். மறுக்கும் அதிபர் தம் காரணத்தை எழுத்திலே தரட்டும்.