காரட்டை அப்புறம் கேளுங்கள்

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நகை எடுக்க அண்ணியும் அவளும் கிளம்பியபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணிக்கு வேண்டியது ஏழு கல் வைரத்தோடு. பெண்ணுக்கு வேண்டியது போனில் சேமித்து வைத்திருந்த படத்தில் இருக்கிற மாதிரி ஓவல் கல் மோதிரம். "இப்ப எல்லாரும் ஓவல்தான் அத்தை போடறாங்க, விரல் நீளமாத் தெரியும்" என்றாள். "வட்டக் கல்லுக்கு என்னடி குறைச்சல்?" என்றார் அண்ணி. நடுவில் விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். எத்தனை சென்ட், என்ன கலர், பழைய தோட்டைப் போட்டால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று எல்லாக் கேள்வியும் வந்தது. கல்லை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்பது மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. பக்கத்து மேசைகளிலும் அந்தக் கேள்வி காதில் விழவில்லை.

முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

வட்டம், ஓவல், பேரிக்காய், சதுரம் என்பதெல்லாம் வடிவம். கல்லை மேலிருந்து பார்த்தால் தெரிகிற வெளிக்கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் என்ன சாய்வு, கல்லுக்கு எவ்வளவு ஆழம் என்பது வெட்டு. ஒரே எடை, ஒரே நிறம், ஒரே வட்ட வடிவம் கொண்ட இரண்டு வைரங்களில் ஒன்று தெருமுனை வரை மின்னும், மற்றது கண்ணாடிச் சில்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் வெட்டில் இருக்கிறது. வடிவம் உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். வெட்டு விருப்பத்தைச் சேர்ந்த விஷயமல்ல, கணக்கு.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்குதான். வைரத்துக்குள் நுழைந்த ஒளி கீழ்ப்பட்டையில் நேர்க்குத்தாக விழுந்தால் பின்பக்கமாக வெளியேறிவிடும். நேர்க்குத்திலிருந்து 24 டிகிரி சொச்சத்துக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரும்பி, எதிர்ப்பட்டையில் மோதி, மேலே நம் கண்ணுக்கு வரும். கீழ்ப்பகுதி தட்டையாக இருந்தாலும் ஒளி ஒழுகிவிடும், அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலும் ஒழுகிவிடும். பெல்ஜியத்து வைரக் குடும்பமொன்றில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் 1919-இல் இதைக் கணக்குப் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். மேற்பகுதிச் சாய்வு 34.5 டிகிரி, கீழ்ப்பகுதிச் சாய்வு 40.75 டிகிரி என்றார். நூறு வருஷம் கழித்தும் 57 பட்டை வட்ட வைரத்தை வெட்டுகிறவர்கள் அந்த எண்களைச் சுற்றியேதான் நிற்கிறார்கள். அடியில் கூர்முனையைச் சின்னப் பட்டையாகத் தட்டிவிட்டால் 58 என்பார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வி ஏன் வழக்கத்துக்கே வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே வைரத்துக்குக் குற்றம் சொல்கிறார்கள். காகபாதம் அதில் ஒன்று. நம் வீட்டுப் பெரியவர்களும் கல்லை வெளிச்சத்தில் பிடித்துக் காகபாதத்தையும் சிவப்புப் புள்ளியையும் தேடியவர்கள்தான். ராசியா இல்லையா என்று மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கியவர்களும் உண்டு. கல்லில் இயற்கை வைத்த குறையைத் தேடிய கண், மனிதன் வைத்த குறையைத் தேடப் பழகவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் தக்காணத்து வைரச் சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, நம் பட்டைக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பது சுவாரசியமானது. கல் சுத்தமாக இருந்தால் சக்கரத்தில் லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்களாம். எடை குறைந்துவிடும் என்ற பயம். கல்லில் கறையோ கீறலோ இருந்தால் உடம்பெல்லாம் பட்டை போட்டு அதை மறைத்துவிடுவார்களாம். அதாவது பட்டை அதிகமிருந்தால் சந்தேகப்படு! அந்த மனநிலைக்கு நேர் எதிரான கோடிக்குப் போனவர்கள் ஆங்கிலேயர்கள். 1851-இல் லண்டன் கண்காட்சியில் கோஹினூரைப் பார்க்க முண்டியடித்த கூட்டம், "இதுவா?" என்று உதட்டைப் பிதுக்கியது. முகலாய முறையில் வெட்டிய கல் அவர்கள் எதிர்பார்த்தபடி மின்னவில்லை. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கும் திருப்தியில்லை. அடுத்த வருஷமே டச்சுக்காரர்களை வரவழைத்துத் திரும்ப வெட்டினார்கள். எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தூளாகப் போய், மிஞ்சியது 105.6 காரட். அந்தக் கல்லை அப்படிக் குறைத்தது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் எடையா ஒளியா என்ற பேரம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தப் பேரம் இன்றும் உங்கள் மோதிரத்தில் நடக்கிறது. சரியாக வெட்டிய ஒரு காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர். முழுசாக ஒரு காரட் தொட்டால் விலை தாவும் என்பதால், எடையைக் காப்பாற்றக் கல்லை ஆழமாகவோ, இடுப்பைத் தடிமனாகவோ விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கல்லின் முகம் 6 மில்லிமீட்டரில் நின்றுவிடக்கூடும். அது 80 சென்ட் கல்லின் முகம். மீதி 20 சென்ட் யார் கண்ணுக்கும் படாமல் அடியில் உட்கார்ந்திருக்கும். பணம் மட்டும் நூறு சென்ட்டுக்கு. 95 சென்ட்டில் நன்றாக வெட்டிய கல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகத்தான் தெரியும், விலையும் குறைவு.

சர்டிபிகேட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், ஆனால் அதை வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வகம் 2006 முதல் வட்ட வைரங்களுக்கு வெட்டுத் தரம் போடுகிறது. ஓவல், பேரிக்காய் போன்ற மற்ற வடிவங்களுக்கு அந்த மாதிரி வெட்டுத் தரம் கிடையாது. மெருகும் சமச்சீரும் மட்டும் இருக்கும். அந்த இரண்டு இடத்தில் "எக்ஸலண்ட்" என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, வெட்டே எக்ஸலண்ட் என்பது போலப் பேசிவிடுவார்கள். அண்ணன் மகள் பார்த்த ஓவலுக்கும் இதே கதைதான் நடந்தது. அந்த வடிவத்துக்கு இருக்கிற இன்னொரு சங்கடம், நட்டநடுவில் குறுக்காக விழும் கறுப்பு நிழல். வில் டை கட்டியது போலத் தெரியும் என்பதால் "போ டை" என்கிறார்கள். ஓவல், பேரிக்காய், இரு முனையும் கூரான மார்க்கீஸ் மூன்றிலும் அது கொஞ்சமாவது இருக்கும். லேசாக இருந்தால் பாதகமில்லை. கல்லை அசைத்தாலும் அசையாமல் கறுப்பாக நின்றால் வேண்டாம். காகிதம் இதைச் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும்.

கூர்முனை உள்ள வடிவங்களுக்கு இன்னொரு கவலை. வைரம் உலகிலேயே கடினமான கனிமம், உடையவே உடையாது என்று நினைக்கிறோம். கீறல் விழாது என்பது சரி. ஆனால் சில திசைகளில் ஓங்கிப் பட்டால் பிளந்துவிடும். பேரிக்காயின் நுனி, சதுரப் பிரின்சஸின் நான்கு மூலை ஆகியவற்றை மூடிப் பிடிக்கிற ஆங்கில 'வி' எழுத்துப் பிடி இருக்கிறதா பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற கைக்கு நான் வட்டமோ ஓவலோதான் சொல்வேன்.

இவ்வளவும் வைரத்துக்கான சட்டம். மற்றக் கற்களுக்கு இதை அப்படியே போட முடியாது. நவரத்தின மோதிரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முத்துக்கு வெட்டே கிடையாது. பவளத்துக்குள் ஒளி போகாது, பட்டை போட்டு என்ன பயன்? மேலே உப்பலாக மழித்து விட்டால் போதும். வைடூரியமும் உப்பல்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. அதற்குள் நெருக்கமாக ஒரே திசையில் ஓடும் நுண்ணிய இழைகள் ஒளியைக் குவித்துப் பூனைக்கண் கோட்டைக் காட்டுகின்றன. கல்லின் அடித்தளத்தை அந்த இழைகளுக்கு இணையாக வைத்து வெட்டாவிட்டால் கோடு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லின் நிலவொளியும் இதே போல உப்பல் வெட்டில்தான் எழும்பும். பட்டை போட்டால் அழகு போய்விடும். மரகதம் பொதுவாக மூலை நறுக்கிய நீள்சதுரத்தில் வரும். உள்ளே இயற்கையான கீறல்கள் அதிகமுள்ள கல், கூர்மூலை விட்டால் சில்லு பெயரும். தவிர, மரகதத்தில் நாம் தேடுவது மின்னலை அல்ல, பச்சையை. படிப்படியாக இறங்கும் நீளப் பட்டைகள் அந்தப் பச்சையைக் கலைக்காமல் காட்டும். அதே வெட்டை வைரத்துக்குப் போட்டால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஜன்னல் வழியே பார்ப்பது போலத் தெரியும். எமரால்டு கட் வைரம் வாங்குகிறவர்கள் சுத்தத்தில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது.

நீலக்கல்லில் சமாசாரம் இன்னும் சிக்கல். இலங்கை நீலத்தில் நிறம் கல் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. இரத்தினபுரி, பேருவளை வெட்டுக்காரர்கள் நிறமுள்ள திட்டு அடிமுனைக்கு வருகிற மாதிரி கல்லைத் திருப்பி வைத்து வெட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். பக்கவாட்டில் பார்த்தால் பாதி வெள்ளை. இது ஏமாற்று அல்ல, கைத்திறன். அடிவயிறு பெருத்திருக்கிறதே, எடை கூடுதலாயிற்றே என்று கேட்டால், ஆமாம், ஓரளவு அந்த எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள். ஆனால் நிறம் நன்றாக இருந்தால் அந்தப் பெருத்த வயிற்றை மன்னிக்கலாம் என்பேன். மன்னிக்கக் கூடாதது எதிர்ப்பக்கக் குறையை. கல் மெலிந்து, நடுவில் நிறம் வெளிறி, செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்து தெரிகிறது என்றால், அந்த நடுப்பகுதி நிறத்துக்கு வேலையே செய்யவில்லை. ராசிக்கல் கடைகளில் இந்தக் குறையுள்ள புஷ்பராகமும் நீலமும் ஏராளம். ஜோசியர் எத்தனை ரத்தி என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார். கடைக்காரர் ரத்தியை மட்டும் நிறுத்துக் கொடுக்கிறார்.

அண்ணியின் தோட்டுக்கு வருகிறேன். ப்ளூ ஜாகர் என்ற பெயரைக் கேட்டாலே நம் மாமிமார் முகத்தில் ஒரு மரியாதை வரும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தால் வந்த பெயர்; வெயிலில் நீலம் ஓடும் வெள்ளைக் கற்கள் அங்கே கிடைத்தன. இப்போது கடையில் சொல்லப்படும் ப்ளூ ஜாகர் எல்லாம் அந்தச் சுரங்கத்தில் பிறந்தவை என்று நம்ப வேண்டாம். நம் பக்கத்து வழக்கப்படி தோட்டின் பின்பக்கத்தை மூடிக் கட்டினால் கல்லின் அடி தெரியாது. ஆழமா தட்டையா என்று பிறகு எந்த ஜென்மத்திலும் பார்க்க முடியாது. அதனால் ஏழு கல்லையும் பதிக்கும் முன் தனியாகத் தட்டில் போட்டுப் பாருங்கள். நடுக்கல்லுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சுற்றியுள்ள ஆறுக்கும் கொடுங்கள். மிகச் சின்னக் கற்கள் பதினேழு பட்டை மட்டும் உள்ள சிங்கிள் கட்டாக இருக்கலாம். ஃபுல் கட்டா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

மூடிய கட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தேங்காய் எண்ணெய் வைரத்தின் அடிப்பட்டையில் படிந்தால் ஒளி திரும்பும் கணக்கே குலைந்துபோகும், உள்ளே வந்த ஒளி எண்ணெய் வழியாக ஒழுகிவிடும். திறந்த கட்டு மோதிரம் கொஞ்ச நாளில் மங்குவது இதனால்தான். பின்பக்கத்தை மிருதுவான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்தால் பழைய ஜொலிப்பு திரும்பும். மரகதத்துக்கு வெந்நீர் காட்டாதீர்கள். கீறலை மறைக்கப் பெரும்பாலான மரகதங்களுக்கு எண்ணெய் ஊட்டியிருப்பார்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மூலக்கல்லின் விலையே குறைவு. எடையைக் காப்பாற்ற வெட்டைக் கெடுத்தோம் என்று சொல்ல அங்கே நியாயமே கிடையாது. சுமாரான வெட்டுள்ள ஆய்வக வைரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

கடைசியாக, கடையின் மேற்கூரை ஸ்பாட் லைட்டுகளை நம்பாதீர்கள். அதன் கீழே எல்லாக் கல்லும் நாட்டியம் ஆடும். கல்லைச் சாதாரண டியூப் லைட்டுக்கும், பிறகு வாசல் வெளிச்சத்துக்கும் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். சென்ட்டோடு மில்லிமீட்டர் அளவையும் கேளுங்கள். ஒரே எடையில் இன்னும் இரண்டு கல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து அடுத்த கடைக்கு நடங்கள். நம் ஊரில் நகைக்கடைக்கா பஞ்சம்?