சீட்டு பேசணும், வாய் பேசக்கூடாது

போன குளிர்காலத்துல காலேஜ் பசங்க ஆறு பேர் ஏற்காடு போயிருந்தோம். சேலத்துலேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியெல்லாம் தாண்டி உள்ள தள்ளி ஒரு காபித் தோட்டத்து வீடு. சாயங்காலமே மூடுபனி இறங்கிடுச்சு, மொபைல்ல சிக்னல் சுத்தமா கிடையாது. அப்புறம் என்ன, சீட்டுக்கட்டு வெளியே வந்துடுச்சு. வழக்கமா ரம்மிதான். அன்னிக்கு என்னவோ போக்கர் ஆடணும்னு ஆசை. காய்னுக்கு பதிலா காபிக் கொட்டை. ஒரு கொட்டை பத்து ரூபா.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். நடுவுல 140 கொட்டை, அதாவது 1400 ரூபா. நான் உட்பட நாலு பேர் சீட்டைக் கவுத்துட்டோம், ரெண்டு பேர்தான் மிச்சம். மேசை மேல பொதுவா கிடந்த அஞ்சு சீட்டு: ரெண்டு ராஜா, ரெண்டு ஒன்பது, ஒரு ஏஸ். ஒருத்தன் கையில ரெண்டு ஆறு. இன்னொருத்தன் கையில ராணியும் ஜாக்கியும். பேர் வேணாம், ஆறுக்காரன், ராணிக்காரன்னே வெச்சுக்குவோம்.

ஆறுக்காரன் "எனக்கு மூணு ஜோடிடா!"னு கத்தினான். ராணிக்காரன் "என்கிட்ட ராணி இருக்கு, உன் ஆறை விட பெருசு"ன்னான். ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. போக்கர்ல ஏழு சீட்டுல சிறந்த அஞ்சுதான் கணக்கு, மூணு ஜோடின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ரெண்டு பேருக்குமே சிறந்த அஞ்சு மேசையில கிடந்ததுதான்: ராஜா ஜோடி, ஒன்பது ஜோடி, ஏஸ். ஆளுக்கு 700னு பிரிச்சிருக்கணும். ஆனா ஆறுக்காரனுக்கு குரல் பெருசு. மொத்தத்தையும் வாரிக்கிட்டான்.

இதுல கொடுமை என்னன்னா, எனக்கு விடை தெரியும். காலேஜ்ல போக்கர் கையை ஒப்பிடுற ப்ரோக்ராமே எழுதியிருக்கேன். ஏழு சீட்டுலேர்ந்து அஞ்சு எடுக்க 21 வழி. இருபத்தொண்ணையும் பார்த்து பெருசை எடு, சமமா இருந்தா பணத்தைப் பிரி, அவ்ளோதான். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. ஆட்டத்துலயே இல்லாத நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். அடுத்த ஆட்டத்துக்கு சீட்டைக் கலைச்சதே நான்தான்.

ஊருக்கு வந்தப்புறம் இதே சண்டை கேசினோவுல வந்தா என்ன பண்ணுவாங்கன்னு தேடிப் படிச்சேன். நம்ம நாட்டுல அதுக்கு கோவாவுக்கோ சிக்கிமுக்கோதான் போகணும். ஆனா போக்கர் விதி உலகம் பூரா கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2001-ல ஆரம்பிச்ச டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு விதிகளைத் தொகுத்து வெச்சிருக்கு. அதுல மூணு விஷயம் என்னை உட்கார வெச்சு யோசிக்க வெச்சுது.

ஒண்ணு, சீட்டுதான் பேசும். நீங்க வாயால என்ன சொன்னாலும் செல்லாது, மேசை மேல திறந்து வெச்ச சீட்டைத்தான் டீலர் படிச்சு சொல்லணும். வேணும்னே தப்பா சொன்னா தண்டனையும் உண்டு. டீலர் முடிவுல திருப்தி இல்லையா, ஃப்ளோர் மேனேஜரைக் கூப்பிடலாம்.

ரெண்டு, அடுத்த ஆட்டத்துக்கு சீட்டைக் கலைக்க ஆரம்பிச்சா போன ஆட்டத்து சண்டை முடிஞ்சது. அதுக்கப்புறம் கேட்க முடியாது.

மூணாவதுதான் எனக்கு செருப்படி. சீட்டைத் தப்பா படிக்கிறாங்கன்னு தோணினா, மேசையில இருக்கிற யாரா இருந்தாலும், அந்த ஆட்டத்துல இல்லாதவனா இருந்தாலும், வாயைத் திறந்து சொல்லணும். சும்மா இருக்கறது நாகரிகம் இல்லை, தப்பு.

"காசு பிடுங்குற இடத்துலேர்ந்தா நியாயம் கத்துக்கறது?"ன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. போக்கர் மேசையில கேசினோ கமிஷன் எடுத்துக்கும், யார் ஜெயிச்சாலும் அதுக்கு ஒண்ணுதான். சீட்டு போடுறவர் ஆட மாட்டார். நம்ம வீட்டு மேசையில சீட்டு போடுறவனும் ஆடுறான், தீர்ப்பு சொல்றவனும் ஆடுறான். அவங்க விதியை நம்புறாங்க, நாம நட்பை மட்டும் நம்பி அது தாங்காத பாரத்தை அது தலையில ஏத்துறோம்.

ரம்மியும் போக்கரும் திறமையா அதிர்ஷ்டமான்னு கோர்ட்டுல வருஷக்கணக்கா வாதம் நடந்துச்சு. திறமைதான்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2025-ல வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல பணம் கட்டி ஆடறதையே தடை பண்ணிடுச்சு. ஆன்லைன்ல ஒரு வசதி, யார் ஜெயிச்சதுன்னு சண்டையே வராது, கம்ப்யூட்டர் பார்த்துக்கும். மனுஷனும் மனுஷனும் எதிர் எதிரே உட்கார்ற மேசையில அந்த வேலை நம்மளோடது.

ராணிக்காரன் மறுநாள் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு இறங்கிட்டான். ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணி உண்மையைச் சொன்னேன், 700 ரூபா நானே அனுப்பறேன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "அவனுக்குத் தெரியாது, கத்தினான். உனக்குத் தெரியும், சும்மா இருந்தே. பணத்தை நீயே வெச்சுக்கோ மச்சி."

அதனால என் கட்சி இதுதான். பணமோ புளியங்கொட்டையோ, சீட்டுல உட்கார்றதுக்கு முன்னாடி இந்த மூணு விதியையும் சத்தமா சொல்லிட்டு உட்காருங்க. முக்கியமா மூணாவது.

டிஸ்கி: அடுத்த ட்ரிப்பும் ஏற்காடுதான்னு பேச்சு. ராணிக்காரன் இன்னும் வர்றேன்னு சொல்லலை.