நொறுங்குவது காரின் குறை அல்ல, அதன் வேலை

விபத்தில் அப்பளமாக நொறுங்கிய கார் படம் ஒன்று வந்தால் போதும். உடனே ஆரம்பித்துவிடுவார்கள். "இதெல்லாம் காரா, தகர டப்பா." "எங்க தாத்தா வெச்சிருந்த அம்பாசடர்னா ஒரு கோடு கூட விழுந்திருக்காது."

எனக்கும் கார் பைத்தியம் உண்டு. அம்பாசடரின் சோபா மாதிரி சீட்டும், பழைய மாடல்களில் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்த கை கியரும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ரசனை வேறு, உயிர் வேறு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படியுங்கள்.

1. விபத்தில் மோதல் ஒன்று அல்ல, மூன்று.
முதலில் கார் மரத்தில் மோதுகிறது.
அடுத்து நீங்கள் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ பெல்ட்டிலோ மோதுகிறீர்கள்.
மூன்றாவதாக உங்கள் மூளை மண்டையோட்டின் உள்பக்கம் மோதுகிறது. ஈரல், மண்ணீரல், இதயம் எல்லாம் முன்னால் பாய்கின்றன.
ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது மோதல்தான்.

2. உதாரணமாக, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி. அதன் வளைவு ஓரளவு அசையும். கீழே இறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டி நிற்கும். திடீரென்று நின்றால் இரண்டும் சேரும் இடத்தில் கிழியும். வெளியே ஒரு கீறல் கூட இல்லாமல் ஆள் போய்விடலாம். "அடியே படலையே டாக்டர்" என்று உறவினர்கள் கேட்பது இதனால்தான்.

3. இப்போது ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது நாலு மாடிக்கு மேல். அங்கிருந்து சிமெண்ட் தரையில் விழ ஆசையா, வைக்கோல் போரில் விழ ஆசையா?

4. கார் வளைந்து கொடுக்காமல் 10 சென்டிமீட்டரில் நின்றால், உங்கள் எடையைப் போல் சுமார் 140 மடங்கு விசை. 60 கிலோ ஆளுக்கு 8 டன்னுக்கு மேல். அதே காரின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் மடிந்து, பெல்ட் போட்ட நீங்களும் அதோடு சேர்ந்து நின்றால் சுமார் 24 மடங்கு. ஒன்றரை டன்னுக்கும் கீழே.
வேகம் அதே, ஆளும் அதே. மடிந்த தூரம் மட்டும்தான் வித்தியாசம்.

5. இது இன்றைய கம்பெனிகள் காசு மிச்சம் பிடிக்கச் சொன்ன கதை அல்ல. பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1951ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை. முன்னும் பின்னும் மடிய வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூண்டு மட்டும் மடியக் கூடாது. 1959ல் அப்படியே கார் வந்துவிட்டது.

6. "பழைய இரும்பு, பழைய இரும்புதான் சார்" என்கிறீர்களா? 2009ல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 1959ம் ஆண்டு செவர்லே பெல்ஏர் காரையும் 2009ம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோத விட்டது. புதிய காரின் கூண்டு அப்படியே நின்றது. உள்ளிருந்த பொம்மைக்குக் காலில் லேசான காயம். பழைய காரின் கூண்டு உள்ளே நசுங்கியது. மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது, பாருங்கள்.

7. "அப்ப நொறுங்குற எல்லா காரும் நல்ல காரா?"
இல்லை. எது நொறுங்கியது என்று பாருங்கள். பானெட் மடிந்து கதவு திறக்க முடிந்தால் கார் தன் வேலையைச் செய்திருக்கிறது. டிரைவர் உட்காரும் இடமே சுருங்கியிருந்தால் அது மோசமான கார்.

8. "கனமான வண்டிக்கு லாபமே இல்லையா?"
எதிரில் வருவது லேசான கார் என்றால் லாபம் உண்டு. ஆனால் எதிரில் வருவது லாரியாகவும் இருக்கலாம். புளியமரம் உங்கள் எடையைப் பார்த்து ஒதுங்காது.

9. கதவைத் தட்டி "டொங்"குன்னு சத்தம் கேட்டுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2014ல் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத இந்திய போலோவுக்கு பெரியவர்கள் பாதுகாப்பில் 0 ஸ்டார். இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு 4 ஸ்டார். கதவைத் தட்டிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சத்தம்தான்.

10. அடுத்த கொடுமை, புல் பார். 12 லட்சம் கொடுத்துக் கார் வாங்கி, மறுநாளே முன்னால் இரும்புக் குழாய் மாட்டுகிறார்கள். மடிய வேண்டிய இடத்தில் மடியாத கம்பி. மோதலின் விசை நேராக சேஸிஸுக்குப் போகும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் குழம்பலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் இடுப்பெலும்பு காலி. அனுமதி இல்லாமல் இதை மாட்டுவது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நீங்கள் காப்பாற்றுவது 3000 ரூபாய் பம்பரை. பணயம் வைப்பது உங்கள் நெஞ்சுக்கூட்டை.

11. கார் எவ்வளவு நன்றாக மடிந்தாலும் பெல்ட் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. கார் 60 சென்டிமீட்டரில் மெல்ல நிற்கும். நீங்கள் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் டேஷ்போர்டில் நிற்பீர்கள். பின்சீட்டுக்கும் இதே கதைதான். பின்சீட் பெல்ட்டும் சட்டப்படி கட்டாயம்.

12. "குழந்தையை மடியில் நல்லா புடிச்சுப்பேன் டாக்டர்."
10 கிலோ குழந்தை. 24 மடங்கு. அந்த நொடியில் 240 கிலோ. உங்களால் பிடிக்க முடியாது. யாராலும் முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. குழந்தைக்குத் தனி சீட், அதுவும் பின்னால்.

ஆகவே அடுத்த கார் வாங்கும்போது கியர் எத்தனை, சன்ரூஃப் உண்டா என்று தாராளமாகக் கேளுங்கள். அதோடு ஸ்டார் எத்தனை என்றும் கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் இங்கேயே சோதித்து மார்க் போடுகிறது.

நசுங்கிய பானெட்டை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். கிழிந்த பெருந்தமனிக்கு அப்படி ஒரு கடை இல்லை.